மெத்தைவீடும் மேல்காற்றும்

1934ஆம் வருஷம் வைகாசி மாதம், சேலம் ஜில்லா நாமக்கல் தாலுகா கரைப்பாளையத்தில், ராஜவாய்க்காலின் கிழக்குக் கரையோரமாகப் புதிய சாலை போடுவதற்கு அளவுக் கற்கள் நடப்பட்டன. அவற்றில் ஒரு கல் மெத்தைவீட்டின் வாசற்படிக்கு நேர் நடுவில் இருந்தது.

மெத்தைவீடு, அதாவது மாடிவீடு, என்பது ஊரார் வைத்த பெயர். பார்ப்பதற்கு அது வீடாகவும் இல்லை, கோட்டையாகவும் இல்லை. ஒரு பெரிய வீட்டை நான்காக மடித்து நிமிர்த்தி வைத்தது போல, சதுரமாகவும் ஒடுக்கமாகவும், பக்கத்துத் தென்னை மரங்களுக்குச் சமமாக உயர்ந்து நின்றது. அடியில் கருங்கல், அதற்கு மேல் அதிரசத் தடிமனில் பழைய செங்கல். இரண்டு பக்கமும் சிறகு போல நீண்ட மதில்சுவர். கூரை எந்தக் காலத்திலோ உள்ளே விழுந்துவிட்டது. உச்சி மாடியில் ஓர் அரசமரமும் நடு மாடியில் வௌவால்களும் குடியிருந்தன. கீழ்த்தளத்தில், ஊரில் எந்த ஆடு குட்டி போட்டிருக்கிறதோ அது இருக்கும். அதைக் கட்டியவர் யார் என்று யாரும் கேட்டதில்லை. மலையை யார் கட்டினார் என்று யாராவது கேட்கிறார்களா?

கந்தப்பனும் கேட்டதில்லை. ஆனால் அந்த ஊரில் மெத்தைவீட்டின் மேல் உயிரையே வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். காரணம் காற்று. ஆனி பிறந்ததும் மேற்கேயிருந்து புறப்படும் மேல்காற்று, ஆடியில் கரைப்பாளையத்துக்கு வந்து கூரை ஓடுகளைக் கலைக்கும், தோளில் கிடக்கும் துண்டைப் பறிக்கும், வெற்றிலைக் கொடி ஏற்றியிருக்கும் அகத்தி மரங்களை வரிசை வரிசையாகச் சாய்க்கும். மற்றவர்களின் வெற்றிலைக் கொடிக்கால்கள் எல்லாம் தலைவிரி கோலமாக நிற்கும்போது, கந்தப்பனின் கொடிக்கால் மட்டும் கர்ப்பக்கிருகத்து விளக்குப் போல அசையாமல் நிற்கும். மேற்கே வாய்க்கால், அடுத்து மெத்தைவீடு, அதன் முதுகுக்குப் பின்னால் கிழக்கே கந்தப்பனின் கொடிக்கால் என்று பூமி அமைந்திருந்தது. கரூர்ச் சந்தையில் ஆடி மாதத்து நல்ல வெற்றிலை வேண்டும் என்றால் கந்தப்பன் பெயரைத்தான் சொல்வார்கள். கந்தப்பன் தன் கைராசி என்று சொல்லிக்கொள்வார். உண்மைக் காரணம் அவருக்கும் தெரியும், அவர் மனைவி காளியாத்தாளுக்கும் தெரியும்.

கல் நட வந்த ஓவர்சீயரிடம் அவர் மெதுவாகத்தான் கேட்டார். "ஏனுங்க, இத இடிச்சுப் போடுவீங்களா?"

"எங்கே இடிக்கிறது? ரெண்டு ஆள் சாய்ந்து நின்றால் அதுவே விழுந்துவிடும்" என்றார் ஓவர்சீயர் சந்தோஷமாக. "ஜல்லிக்கும் வேறே எங்கும் போகவேண்டாம். எல்லாம் இங்கேயே இருக்கிறது."

மறுநாளே கந்தப்பன் நாமக்கல்லுக்கு பஸ் ஏறினார். அங்கே ஒரு வக்கீல் குமாஸ்தா இருந்தார். கந்தப்பனின் வெற்றிலையை மட்டுமே போடுகிறவர். அவர் முழுக்கதையையும் கேட்டு, வாயைக் காலி செய்துகொண்டு வந்து சொன்னார். "பழைய கட்டடங்களைக் காப்பாத்தறதுக்கு ஒரு சட்டம் இருக்கு. மெட்ராஸிலே அதுக்குன்னு ஒரு இலாகாவே இருக்கு. பழசுதான்னு அவங்க எழுதிட்டா ஒரு செங்கல்லை உருவினாலும் கேஸ்."

"எத்தன பழசா இருக்கோணுமுங்க?"

"எத்தனை முடியுமோ அத்தனை. யார் கட்டினது, எதுக்குக் கட்டினது, என்ன சண்டை நடந்தது, எல்லாம் வேணும். சும்மா பழசுன்னா ஒத்துக்கமாட்டாங்க."

மனு போயிற்று. அதன் பிறகுதான் கந்தப்பனுக்கு உறைத்தது. காற்றைத் தவிர மெத்தைவீட்டைப் பற்றி அவருக்கு எதுவுமே தெரியாது.

ஊர்ச் சாவடியில் கூட்டம் போட்டார். ஊர் மணியக்காரர் அர்த்தநாரி காளியாத்தாளின் அண்ணன், கந்தப்பனுக்கு மச்சான். அவர் தலைமையில் சரித்திரம் தயாரானது.

"எங்க முப்பாட்டன் அதுல தளபதி" என்று அர்த்தநாரி ஆரம்பித்தார்.

"போன பொங்கலுக்கு உங்க முப்பாட்டன் ஏத்தம் எறச்சாருன்னு சொன்னீங்க மச்சான்."

"ஏத்தம் எறச்சுத்தான் தளபதி ஆனாரு மாப்ள. அப்பல்லாம் ஒரே நாள்ல தளபதி ஆயிர முடியாது."

செக்கு வைத்திருந்த ராசு எழுந்து, கோட்டைக்கு எண்ணெய் கொடுத்தது தன் வம்சம்தான் என்றார். எதிரி மேல் காய்ச்சி ஊற்றுவதற்காம். அவ்வளவு எண்ணெயை யார் கீழே ஊற்றுவார்கள் என்று ஒருவர் கேட்டார். "நாங்க எண்ணெய் குடுத்தோம். ஊத்துனானா, பலகாரம் சுட்டானா, அது அவஞ்சோலி" என்றார் ராசு. இன்னொருவர் தன் வம்சத்தார் அங்கே குதிரை பார்த்துக்கொண்டதாகச் சொன்னார். இன்னொருவர் யானை என்றார். யானை அந்த வாசலில் நுழையாது என்று எடுத்துச் சொன்னபோது, அது வெளியேதான் நின்றது என்று விட்டுக்கொடுத்தார்.

தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கமாகப் போன காளியாத்தாள் நின்று கேட்டாள். "ஏனுங்கண்ணா, ஊரே கோட்டைக்குள்ள கத்தியும் கையுமா இருந்திருக்குது. அப்ப வெள்ளாமை பண்ணுனது ஆரு?"

அவள் போன பிறகு, வெள்ளாமைக்கு ஓர் ஆளை வைத்துச் சரித்திரத்தைத் திருத்தினார்கள்.

புரட்டாசியில் மெட்ராஸிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. அவரை நாமக்கல்லில் சந்தித்து அழைத்து வருவதற்குக் கந்தப்பன் முதல் நாளே கிளம்பினார். கிளம்பும்போது அர்த்தநாரியிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "வாரவரு மெத்தூட்டப் பாக்கத்தான் வாராருங்க மச்சான். நம்மூருக்கு ஒரு கொறையும் வரப்படாது."

"நீங்க போயிட்டு வாங்க மாப்ள. சர்க்கார் ஆளு வந்தா என்ன பண்ணோணும்னு எனக்குத் தெரியாதா?"

தெரியும். அதுதான் ஆபத்தாக முடிந்தது. முன்னொரு காலத்தில் ஜமாபந்திக்கு வந்த ஒரு கலெக்டர், கரைப்பாளையத்துப் புளியமரங்களின் அடியில் சுண்ணாம்பு அடித்திருந்ததைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து சர்க்கார் ஆள் எதைப் பார்க்க வந்தாலும் அதற்குச் சுண்ணாம்பு அடிப்பது அர்த்தநாரியின் வழக்கம். அம்மை குத்த வந்தவருக்காகக் கிணற்று மேட்டுக்கு அடித்தார். மாட்டு டாக்டர் வந்தபோது மாடுகளின் கொம்புக்கு அடித்தார். வெற்றிலை விளையும் ஊரில் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை.

அதிகாரி ஒல்லியான மனிதர். தலையில் தொப்பி, கையில் குடை, தோளில் ஒரு தோல் பை. பையில் அளவு நாடா இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் முன் சீட்டின் அகலத்தை அளந்து பார்த்தார். பழக்கம் போலும். பரமத்தியில் இறங்கி இருவரும் மாட்டு வண்டியில் ஏறினார்கள். கந்தப்பன் சரித்திரத்தை எடுத்துவிட்டார். தளபதி, எண்ணெய், குதிரை, வெளியே நின்ற யானை எல்லாம் வந்தன. அதிகாரி எதையும் மறுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் "சரி" என்றார். அந்தச் சரி கந்தப்பனுக்குச் சரியாகப் படவில்லை.

"சுவர்கள் மேலே பூச்சு ஏதாவது இருக்கிறதா?" என்று அதிகாரி கேட்டார்.

"ஒண்ணுமே இல்லீங்க. எல்லாம் உதுந்து, பாசி புடிச்சு, கருத்துப் போயி, பாக்கவே சகிக்காதுங்க" என்றார் கந்தப்பன் பெருமையாக.

"நல்லது. அதுதான் வேண்டும். சில ஊர்களில் நான் வருகிறேன் என்று எதையாவது செய்து வைத்துவிடுகிறார்கள்."

"எங்கூர்ல அப்படியெல்லாம் இல்லீங்க."

வண்டி வாய்க்கால் மேட்டில் ஏறித் திரும்பியபோது தென்னை மரங்களுக்கு நடுவே ஏதோ பளிச்சென்று வெட்டியது. கந்தப்பன் முதலில் மேகம் என்று நினைத்தார். மேகத்தில் காவிப் பட்டை இருக்காது. மெத்தைவீடு அடி முதல் அரசமரம் வரைக்கும் புது மாப்பிள்ளையின் வேட்டி போல வெள்ளையாக நின்றது. கல்யாண வீட்டுச் சுவர் போல ஒரு முழத்துக்கு ஒரு காவிப் பட்டை. வாசலின் இரு பக்கமும் குலை தள்ளிய வாழை மரங்கள். குறுக்கே மாவிலைத் தோரணம்.

அதிகாரி நல்லவேளையாக மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கந்தப்பன் அவருடைய குடையையே எடுத்து அவர் முகத்துக்கு நேராக விரித்தார்.

"வெயிலுங்க" என்றார். "மொதல்ல ஊட்டுக்குப் போயி ஒரு வாய் சாப்புட்டுட்டு அப்பறம் பாக்கலாமுங்க."

"முதலில் கட்டடத்தைப் பார்த்துவிடலாமே."

"எங்கூருக்கு வந்த ஒறம்பரை வெறும் வவுத்தோட வேல பாத்தா மழை பெய்யாதுங்க."

அப்படி ஒரு நம்பிக்கை அந்த ஊரில் இல்லை. அதிகாரி ஒத்துக்கொண்டார்.

வீட்டில் அதிகாரியை உட்காரவைத்துவிட்டுக் கந்தப்பன் அடுப்படிக்கு ஓடினார். "மெத்தூட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சது ஆரு?"

"எங்கண்ணன்தான். ஊட்டுக்கு ஆளு வந்தா அழுக்கோட உடறதான்னாரு. நானும் நல்லாத்தான இருக்குதுன்னு உட்டுட்டேன்" என்றாள் காளியாத்தாள். பிறகு புருஷன் முகத்தைப் பார்த்தாள். "ஏனுங்க, பழசுன்னு சொல்லிக் கூட்டியாந்தீங்களா?"

"ஆமா."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "சந்தகை புழியறேன்" என்றாள். "ஆகறதுக்கு நேரம் எடுக்கும். அதுக்குள்ள போயி அதப் பழசாக்கிட்டு வாங்க."

அரிசியை ஊறவைத்து, ஆட்டி, இட்லியாக வேகவைத்து, மரச்செக்கு மாதிரியான அச்சில் போட்டு, ஒருவர் பிடிக்க ஒருவர் அழுத்த, நூல் நூலாகப் பிழிவது சந்தகை. காளியாத்தாள் ஏற்கெனவே வேகவைத்திருந்ததை ஒதுக்கி வைத்துவிட்டு, அரிசியை ஊறப்போடுவதிலிருந்து ஆரம்பித்தாள். அதிகாரிக்கு அதற்குள் முன்னேற்பாடாகப் பணியாரம் போயிற்று. அடுத்து ஒப்புட்டு. அடுத்து இளநீர். அதிகாரி எழுந்திருக்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு தட்டு உள்ளே வந்தது.

"அம்மா, இது போதும்" என்றார் அவர்.

"இது சாப்பாடு இல்லீங்க சாமி. சாப்பாடு வாரதுக்கு முன்ன வாய்க்கு."

மெத்தைவீட்டில் அர்த்தநாரி இடுப்பில் கைவைத்து வேலையை ரசித்துக்கொண்டு நின்றார். கந்தப்பன் மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது.

"அழுக்கா இருக்கோணுமா? சர்க்காரு பாக்கற எடத்துலயா? இத நீங்க மொதல்லயே சொல்லியிருக்கோணும் மாப்ள."

"ஆருங்க மச்சான் பழசுக்குச் சுண்ணாம்பு அடிப்பாங்க?"

"பழசுக்குத்தான அடிப்பாங்க? புதுசுக்கு எதுக்கு அடிக்கறது?"

கழுவிப் பார்த்தார்கள். வாய்க்கால் தண்ணீரைக் குடம் குடமாக இறைத்தும் சுண்ணாம்பு போகவில்லை. அர்த்தநாரி நல்ல வேலைக்காரர். சுண்ணாம்பு இறுகிப் பிடிக்கக் கடுக்காய் போட்டு அடித்திருந்தார். அப்போது செக்குக்கார ராசுதான் யோசனை சொன்னார். பழைய சுவர் வெள்ளையாக இருக்காது, மஞ்சள் தட்டிப் போயிருக்கும். வெள்ளையை எடுக்க வேண்டாம். மேலே மஞ்சளைக் கரைத்து அடித்தால் போதும். ஊரில் வீட்டுக்கு வீடு மஞ்சள் இருந்தது.

யோசனை எல்லோருக்கும் பிடித்தது. நாலு அண்டாவில் மஞ்சள் கரைந்தது. சுண்ணாம்பு அடித்த மட்டைகளை மூங்கிலில் கட்டி நாலு பக்கமும் ஒரே சமயத்தில் வீசி அடித்தார்கள்.

தினம் ஒரு வீட்டிலாவது ஆரத்தி எடுக்கும் ஊர் அது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் என்ன ஆகும் என்பது அங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். ஆனால் அந்த அவசரத்தில் ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. மெத்தைவீடு எல்லோர் கண்ணெதிரிலும் ரத்தச் சிவப்பாக மாறியது.

அரசமரத்திலிருந்து ஒரு காகம் எழுந்து வேறு ஊருக்குப் போயிற்று.

"நல்லாத்தான் இருக்குது" என்றார் அர்த்தநாரி.

கடைசி வழியாகச் சாணி வந்தது. மாட்டுத் தொழுவங்களிலிருந்து கூடை கூடையாக வந்து, கரைந்து, சிவப்பின் மேல் ஏறியது. கை எட்டின உயரம் வரைக்கும் பச்சை, அதற்கு மேல் சிவப்பு, அரசமரத்தடியில் கொஞ்சம் வெள்ளை, இடையிடையே காவிப் பட்டை. வாழை மரங்களை அவிழ்க்க நேரமில்லை. வீட்டுப் பக்கமிருந்து காளியாத்தாளின் குரல் கேட்டது. "இன்னுங் கொஞ்சம் தேங்காப்பாலு ஊத்திக்கிட்டுப் போங்க சாமி" என்று அவள் கெஞ்சிக்கொண்டே பின்னால் வர, அதிகாரி முன்னால் வந்தார்.

அவர் மெத்தைவீட்டின் முன் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார். நெடுநேரம் பார்த்தார். சாணி சொட்டுவது மட்டும் கேட்டது.

"இந்தப் பூச்சு எந்தக் காலத்தது?" என்று கேட்டார்.

கந்தப்பன் வாயைத் திறப்பதற்குள் அர்த்தநாரி உண்மையைச் சொல்லிவிட்டார். "மத்தியானமுங்க."

"மத்தியானம்."

"வெள்ளை மட்டும் நேத்துங்க."

அதிகாரி தலையை ஆட்டினார். "நான் போகாத ஊரில்லை. சுண்ணாம்பு எல்லா ஊரிலும் அடிப்பார்கள். சிவப்பு இன்றைக்குத்தான் பார்க்கிறேன்." பிறகு குடையை மடக்கி, அதன் நுனியால் ஒரு வாழை மரத்தை மெல்ல ஒதுக்கினார். ஒதுக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். "இதை அவிழ்க்கச் சொல்லுங்கள். இரண்டையும்."

அவிழ்த்தார்கள். வாசலின் இரு பக்கமும் சுவரோடு ஒட்டின மாதிரி இரண்டு தட்டைத் தூண்கள் இருந்தன. அவற்றின் மேல் கூரை முகப்புப் போல ஒரு முக்கோணம். முக்கோணத்துக்குள் ஒரு சிப்பி. எல்லாம் சுதையில் செய்தவை. ஊருக்குள் அது ஒரு குறையாகவே கருதப்பட்டு வந்தது. வாசலுக்கு மேலே கஜலட்சுமி இருக்க வேண்டிய இடத்தில், யாரோ வேலை தெரியாதவன் முக்கோணம் போட்டுவிட்டான் என்று சொல்வார்கள். அதை மறைக்கத்தான் அர்த்தநாரி வாழையையே அங்கே கட்டியிருந்தார்.

அதிகாரி ஏணி கேட்டார். ஏறி, சிப்பியைக் கைக்குட்டையால் துடைத்தார். கைக்குட்டை முதலில் பச்சையாயிற்று, அப்புறம் சிவப்பாயிற்று, அப்புறம் வெள்ளையாயிற்று. கடைசியில் பழைய சுதையின் தந்த நிறம் தெரிந்தது. கீழே இறங்கி உள்ளே போனார். கந்தப்பனும் அர்த்தநாரியும் ராசுவும் காளியாத்தாளும் பின்னால் போனார்கள். உள்ளே யாரும் சுண்ணாம்பு அடிக்கவில்லை. வௌவால் நாற்றத்துக்குப் பயந்து அர்த்தநாரி அதை விட்டிருந்தார்.

அங்கேதான் அதிகாரி முதன்முதலாக நீளமாகப் பேசினார். சுவரின் கனத்துக்குள்ளேயே படிக்கட்டு ஒளிந்து போவதைக் காட்டினார். கந்தப்பன் நாற்பது வருஷமாக எலி வளை என்று நினைத்திருந்தது ஒரு துப்பாக்கித் துவாரம். உள்ளே அகலமாகவும் வெளியே ஒடுக்கமாகவும் சாய்த்து வைத்திருந்தார்கள். உள்ளே இருப்பவன் வெளியே பார்க்கலாம், வெளியே இருப்பவனுக்கு உள்ளே தெரியாது. கீழ்த்தளத்தில் தானியம், நடுவில் குடும்பம், உச்சியில் காவல். ஒரு குடும்பம் தன்னைத்தானே முற்றுகைக்குத் தயார் செய்துகொண்ட வீடு அது என்றார். நாயக்கர் காலத்துப் பாளையக்காரர் யாரோ கட்டியிருக்கலாம். முந்நூறு வருஷத்துக்குக் குறையாது. அந்தக் காலத்தில் கோவாவிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் பாதிரிமார்களும் பீரங்கிக்காரர்களும் கொத்தர்களும் இந்தப் பக்கம் நடமாடினார்கள். அப்படி வந்தவன் எவனோ ஒருவன், தன் தேசத்து மாளிகை வாசலை நினைவிலிருந்து இங்கே சுதையில் செய்து பார்த்திருக்கிறான்.

"இது என் அனுமானம்தான்" என்றார். "ஆனால் இத்தாலி தேசத்து வாசல் ஒன்றை வெற்றிலைத் தோட்டத்தில் பார்ப்பேன் என்று நான் நினைக்கவில்லை."

வாசலுக்கு நேர் மேலே நடு மாடியில் ஒரு பெரிய துவாரம் இருந்தது. அதைக் காட்டி, "எதிரி கதவை உடைக்க வந்தால் இதன் வழியாகக் கொதிக்கிற எண்ணெயை ஊற்றுவார்கள்" என்றார்.

ராசு சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு பல வருஷம் அந்தப் பார்வையைக் கரைப்பாளையத்தில் யாராலும் தாங்க முடியவில்லை.

"அத்தன எண்ணெய் எதுக்குங்க?" என்றாள் காளியாத்தாள். "கம்மங்கூழு ஊத்துனாப் போதாதுங்களா? அதுவும் சுடும். மேல ஒட்டிக்கிட்டு உடாது."

அதிகாரி யோசித்துவிட்டு, "ஊற்றியும் இருக்கலாம்" என்றார்.

பொழுது சாய்வதற்குள் அளவெல்லாம் எடுத்து முடித்தார். வெளியே வந்து கந்தப்பனின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கள் மனுப் போட்டிராவிட்டால் இது ஜல்லியாகியிருக்கும். இனி ஒரு செங்கல்லையும் யாரும் தொடமுடியாது. பாதுகாக்க வேண்டிய கட்டடம் என்று எழுதுகிறேன். நீங்கள் சொன்ன சரித்திரம் ஒன்றையும் எழுதமாட்டேன். அது போகட்டும். சாலையை நகர்த்திப் போடச் சொல்லிவிடுகிறேன்."

கந்தப்பனுக்கு நெஞ்சு நிறைந்தது. ஆடிக் காற்றே வந்து தன் காலில் விழுந்தது போலிருந்தது. அர்த்தநாரி அவர் முதுகில் தட்டி, "சுண்ணாம்பு அடிச்சாலும் அடிக்காட்டியும் வேலை நடந்துருச்சு பாத்தீங்களா மாப்ள" என்றார்.

காளியாத்தாள்தான் கேட்டாள். "நகத்திப் போடறதுன்னா, எந்தப் பக்கமுங்க சாமி நகத்துவாங்க?"

எல்லோரும் மேற்கே பார்த்தார்கள். மேற்கே ராஜவாய்க்கால் கரை தளும்பப் போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் கிழக்கே பார்த்தார்கள். அகத்தி மரங்களின் நிழலில், ஓர் இலை அசையாமல், கந்தப்பனின் கொடிக்கால் நின்றது.

கந்தப்பன் அதிகாரியிடம் ஓடினார். "சாமி" என்றார். "ஒரு விசயம் சொல்ல மறந்துட்டனுங்க. இது அத்தன பழசெல்லாம் இல்லீங்க. எங்க அப்பாரு கட்டுனதுங்க."

அப்பாரு என்றால் அந்தப் பக்கத்தில் தாத்தா. அதிகாரி அளவு நாடாவைச் சுற்றிக்கொண்டே, "அப்படியா?" என்றார்.

"ஆமாங்க. ஆட்டுக்குட்டி கட்டறதுக்கு. கொத்தனுக்கு வேலை தெரியலீங்க, அதான் முக்கோணமாப் போயிருச்சு. மச்சான், சொல்லுங்க மச்சான்."

அர்த்தநாரி சொல்லவில்லை. அவருடைய முப்பாட்டன் சற்று முன்புதான் முந்நூறு வருஷத்துக் கட்டடத்தில் தளபதியாக உறுதியாகியிருந்தார். "சர்க்கார் ஆளுகிட்டப் பொய் சொல்லக்கூடாதுங்க மாப்ள" என்றார்.

"அப்ப எண்ணெய்?" என்றார் ராசு கோபமாக. "உங்க அப்பாருக்கா நாங்க எண்ணெய் குடுத்தோம்?"

அதிகாரி வண்டியில் ஏறி உட்கார்ந்தார். "ஒன்றும் கவலைப்படாதீர்கள்" என்றார் கந்தப்பனிடம். "எந்த ஊருக்குப் போனாலும் கிளம்பும்போது யாராவது ஒருவர் இதைச் சொல்லத்தான் செய்வார்." காளியாத்தாள் ஒரு தூக்குப் பாத்திரத்தில் மிச்சச் சந்தகையைக் கட்டி அவர் மடியில் வைத்தாள். வண்டி நகர்ந்தது.

1935ஆம் வருஷம் மாசி மாதம் சாலை போட்டு முடிந்தது. அது வாய்க்கால் கரையோரமாக நேரே வந்து, மெத்தைவீட்டை எட்டுமுன் கிழக்கே திரும்பி, கந்தப்பனின் கொடிக்கால் வழியாகச் சுற்றிப் போய், மறுபடியும் கரையைச் சேர்ந்தது. கொடிக்காலில் முக்கால்வாசி போனது. அந்த வருஷம் ஆடிக் காற்று பலமாக அடித்தது. மிச்சமிருந்த கால்வாசியில் ஓர் அகத்தி மரமும் சாயவில்லை.